கிரகணத்தில் வெளியே போனவள்

கிரகணத்தன்று நான் வெளியே போனேன். எட்டு மாத வயிற்றோடு போனேன். எங்கள் தெருவில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். படித்தவள், வேலைக்குப் போகிறவள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். சொல்லட்டும். நடந்தது என்ன என்பதை நானே எழுதிவிடுகிறேன்.

விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. வாழ்க்கைப்பட்ட வீடு கல்லிடைக்குறிச்சியில். காலையில் பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினால், பஞ்சு மில்லில் ஷிப்டு முடித்து வரும் சைக்கிள் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். என் மாணவிகளில் பாதிப் பேர் அந்த சைக்கிள்காரர்களின் பெண்கள்.

பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு நான்தான் வகுப்பாசிரியை. அந்த அறையின் பின்சுவரில் காரை பெயர்ந்து, உள்ளே இருந்த செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதை மறைக்கத்தான் முதலில் படம் ஒட்ட ஆரம்பித்தோம். சினிமாக்காரிகள் வேண்டாம், ஏதாவது ஒன்றைச் செய்துகாட்டிய பெண்ணாக இருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகள் பழைய பேப்பர் கடையிலிருந்தும், பலகாரம் மடித்து வந்த தாளிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தார்கள். நாட்டை ஆண்ட பெண்கள் வந்தார்கள். ரேடியத்தைக் கண்டுபிடித்தவர் வந்தார். கதை எழுதுகிறவர்கள் மூன்று பேர் வந்தார்கள். விண்வெளிக்குப் போன முதல் பெண், தலையில் பெரிய கவசத்தோடு வந்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒரு படத்தைக் காட்டி அந்தப் பெண்ணின் கதையைச் சொல்வேன். பாடத்திட்டத்தில் அது கிடையாது.

விண்வெளிக்குப் போனவர் அதற்கு முன்னால் பஞ்சாலையில் வேலை பார்த்தவர் என்று நான் சொன்ன அன்று, கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். வகுப்பிலேயே உயரமானவள். அப்பா மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார்.

"மில்லுலயா டீச்சர்? எந்த டிபார்ட்மெண்டு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன்.

"கேட்டுட்டு வந்து சொல்லுங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம். வடக்கே முழுதாக மறையும், நம் பக்கம் ஏறக்குறையப் பாதி என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பாடப்புத்தகத்தில் நிழல் பாடம் இருக்கிறது. வானத்திலேயே அந்தப் பாடம் நடக்கப் போகிறது என்றால் எந்த ஆசிரியைக்குத்தான் சும்மா இருக்க முடியும்? நேராகப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். செருப்புக்கடை அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டு, உள்ளே வெள்ளைத்தாளில் விழும் பிம்பத்தைப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். விடுமுறை நாள்தான், விருப்பம் உள்ளவர்கள் பள்ளி மைதானத்துக்கு வாருங்கள் என்றேன். முப்பது கை உயர்ந்தது. அந்த உயரமான பெண் கையை உயர்த்தவில்லை. எழுந்து நின்றாள்.

"புள்ளத்தாச்சி கிரகணத்துல வெளிய வந்தா புள்ளைக்கு ஒதடு கிழிஞ்சி பொறக்கும்னு சொல்லுதாவளே, அது நெசமா டீச்சர்?"

"பொய்."

"அப்பம் நீங்க வருவீங்களா?"

நாற்பது ஜோடிக் கண்ணும் என் வயிற்றைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால், அதுவரை நான் அதை யோசித்திருக்கவே இல்லை. மேற்பார்வைக்கு வேறு ஒரு டீச்சரை அனுப்பிவிட்டு நான் வீட்டில் இருந்துகொள்ளலாம் என்றுகூட மனதின் ஒரு மூலையில் இருந்திருக்கலாம்.

"வருவேன்," என்றேன்.

தலைமையாசிரியை பாளையங்கோட்டைக்காரர். தலைமுறை தலைமுறையாக வாத்தியார் வேலை பார்த்த கிறிஸ்தவக் குடும்பம். அனுமதி கேட்கப் போனபோது கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "டீச்சர், அன்னைக்கு லீவு. நான் ஊர்ல இருக்கமாட்டேன். கேட் சாவி வாட்ச்மேன்ட்ட இருக்கு. நீங்க எங்கிட்ட கேக்கவும் இல்ல, நான் பதில் சொல்லவும் இல்ல," என்றார். அவரால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னபோது அத்தை, என் மாமியார், அடுப்படியில் அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். கை அப்படியே நின்றது.

"ஏளா, ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? ஊர்ல மாடு கண்ணு கூட அன்னைக்குத் தொழுவத்த விட்டு வராது."

"மாட்டுக்கு லீவு விட்டுருக்காவ அத்த. எனக்கு வேல இருக்கு."

இப்படிப் பதில் சொல்வது தப்பு என்று தெரியும். ஆனால் சொல்லிவிட்டேன். அத்தை என்னிடம் மேலே பேசவில்லை. மகனிடம் பேசினார்கள். என் கணவர் அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீசில் கிளார்க். யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை, தன் அம்மாவையும் சரி, என்னையும் சரி. அன்று என்னிடம் பைய வந்து, "ஒரு மூணு மணி நேரந்தான. உள்ள இருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சி போவுது?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் கொறையாது. மறுநாள் கிளாஸ்ல போயி எந்த மூஞ்சியோட நிப்பேன்? படிக்கதுக்கு ஒண்ணு, பொழைக்கதுக்கு ஒண்ணுன்னு அதுக சிரிக்கும்."

"சின்னப் புள்ளைகளுக்காவா?"

"ஆமா. அதுகளுக்காவத்தான்."

தீபாவளி முடிந்த மறுநாள் காலையில் குளித்துப் புடவை கட்டி வெளியே வந்தால், முன்வாசல் கதவில் பூட்டு தொங்கியது. சாவி அத்தையின் இடுப்பில். அத்தை கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, சஷ்டிக்குத் திருச்செந்தூர் போகப் பை தைத்துக்கொண்டிருந்தார்கள். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கணவர் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்திருந்தார்.

எங்கள் தெரு வீடுகள் ரயில்பெட்டி மாதிரி நீளமானவை. முன்வாசலில் ஒரு தெரு, பின்வாசலில் ஒரு கால்வாய். நான் திரும்பி, அடுப்படியைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டி, பின்கதவின் தாழ்ப்பாளைத் திறந்தேன். துருப்பிடித்த தாழ்ப்பாள். அது கிரீச்சிட்ட சத்தம் முன்வாசல்வரை கேட்டிருக்கும். ஆனாலும் யாரும் எழுந்து வரவில்லை. கால்வாய்க் கரை மழையில் சொதசொதவென்று இருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வேலிக்கம்பு ஒவ்வொன்றாகப் பிடித்து நடந்தேன். வழுக்கி விழுந்திருந்தால் கதையே வேறு. அந்தப் பயம் எனக்கு இருந்தது. கிரகணத்தைப் பற்றித்தான் பயம் இல்லை.

பஸ்ஸில் என்னைத் தவிர நான்கு பேர். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "என்ன டீச்சர், இன்னைக்குமா?" என்றார். "இன்னைக்குத்தான்," என்றேன்.

முப்பது கை உயர்ந்ததில் பதினோரு பேர் வந்திருந்தார்கள். அந்த உயரமான பெண் கேட்டுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தாள். என்னைக் கண்டதும் என் பையை வாங்கிக்கொண்டாள். மேகம் விலகி விலகி மூடியது. எட்டு மணிக்கு மேல் வெயில் நன்றாக அடித்தது. பெட்டிக்குள் தாளில் விழுந்த சின்ன வெளிச்சப் பொட்டில் ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. ஒரு பெண் கத்தினாள், "டீச்சர், யாரோ கடிச்சிட்டாங்க!" அப்புறம்தான் வேப்பமரத்தடியைப் பார்த்தோம். இலைகளுக்கு நடுவே மண்ணில் விழும் வெளிச்சம் எப்போதும் வட்டமாக இருக்கும். அன்று ஒவ்வொன்றும் பிறையாக இருந்தது. நூறு பிறை, இருநூறு பிறை. காற்று அடிக்கும்போது எல்லாம் சேர்ந்து ஆடின. பிள்ளைகள் பாவாடையை விரித்துப் பிடித்து, அதில் பிறையை ஏந்திக்கொண்டு ஓடினார்கள். என் புடவையிலும் விழுந்தது. வயிற்றின் மேலேயே ஏழெட்டுப் பிறை. உயரமான பெண் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒருத்தி தீபாவளி முறுக்கு கொண்டுவந்திருந்தாள். கிரகண நேரத்தில் வாயில் பச்சைத்தண்ணீர்கூட வைக்கமாட்டார்கள். டப்பாவை என்னிடம் நீட்டினாள். நான் எடுத்துக் கடித்தேன். அப்புறம் பதினோரு பேரும் கடித்தார்கள். உள்ளே பிள்ளை ஓங்கி ஒரு உதை விட்டது. நான் சிரித்துவிட்டேன்.

கார்த்திகை மாதம் பாளையங்கோட்டையில், என் தாய்வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரசவம். பெண் குழந்தை. அழுகைச் சத்தம் கேட்டது. ஆனால் நர்சம்மாவின் பேச்சு நின்றுபோனது. அதுவரை "முக்கும்மா, முக்கு, இந்தா வந்துட்டு" என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர். பிள்ளையைத் துடைத்துச் சுற்றிக் கொண்டுவந்து கையில் தந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மகளின் மேலுதடு இடப்பக்கம் பிளந்திருந்தது. மூக்குத் துவாரம் வரைக்கும்.

அத்தை கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து, பிள்ளையைப் பார்த்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "பாத்தியா," என்றார்கள். அந்த ஒரு சொல்தான். எவ்வளவு திட்டியிருந்தாலும் எனக்கு அந்த அளவுக்கு உறைத்திருக்காது.

நான் பௌதிகம் படித்தவள். நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று, பொய் என்று அடித்துச் சொன்னவள். அப்படியும் அன்று சாயங்காலம் டாக்டரம்மா வந்தபோது என் வாய் கேட்டது: "டாக்டர், நான் கிரகணத்தன்னைக்கு வெளிய போனேன். அதனாலயா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க டீச்சர்தான? கணக்குப் போடுங்க. கரு உண்டாகி ஆறு, ஏழு வாரத்துல ஒதடு சேந்து முடிஞ்சிரும். ஒங்களுக்கு அது எந்த மாசம் வருது?"

விரல்விட்டு எண்ணினேன். "சித்திரை."

"கிரகணம்?"

"ஐப்பசி."

"ஐப்பசியில நீங்க வீட்டுக்குள்ள இருந்திருந்தாலும், இந்தப் புள்ள இதே ஒதட்டோடதான் உள்ள கிடந்திருக்கும். இத வெளிய இருந்து யாரும் கிழிக்கல. சேர வேண்டியது சேரல. அவ்வளவுதான். தச்சிரலாம்."

அந்த நாட்களில் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் உதட்டை எங்கள் பக்கம் யாரும் ஸ்கேனில் தேடிப் பார்த்துச் சொன்னதில்லை. சித்திரையிலிருந்து ஐப்பசிவரை அந்த உதடு அப்படியேதான் இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அப்பம் சித்திரையில நீ என்ன பண்ணுன?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஏனென்றால் அவர் கேட்பதற்கு முன்பே நானும் என்னிடம் அதைக் கேட்டிருந்தேன். பஸ்ஸில் குலுங்கினேனா, மாத்திரை ஏதும் போட்டேனா, ஆற்றில் அதிக நேரம் நின்றேனா? ஐப்பசியிலிருந்து என்னை விடுவித்தார்கள். நானே போய்ச் சித்திரையில் மாட்டிக்கொண்டேன். அவர் வாயிலிருந்து அதே கேள்வி வந்தபோதுதான் அது எவ்வளவு அநியாயமான கேள்வி என்று எனக்குப் புரிந்தது.

"சித்திரையில நீங்க என்ன பண்ணுனீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். "புள்ள ஒங்களுக்கும்தான. நீங்களும் எண்ணிப் பாருங்க. எண்ணி முடிச்சிட்டுச் சொல்லுங்க, ரெண்டு பேரும் சேந்து அழலாம்."

அப்புறம் அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை.

பிள்ளையால் உறிஞ்சிக் குடிக்க முடியவில்லை. பாலைப் பீய்ச்சி, பாலாடைச் சங்கில் ஊற்றி, தலையை நிமிர்த்திப் பிடித்து, சொட்டுச் சொட்டாக வாயோரத்தில் விடவேண்டும். ஒரு பாலாடைக்கு அரைமணி நேரம். நானும் கணவரும் மாறி மாறிச் செய்தோம். அதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர் ஆனார். அதையும் சொல்லவேண்டும்.

கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்பியபோது தெருவில் யாரும் பிள்ளை பார்க்க வரவில்லை. வந்து பார்த்திருந்தால் போய் ஆயிரம் பேசியிருப்பார்கள்; நல்லவேளை, வரவில்லை. வெளியே எடுத்துக்கொண்டு போனால் அத்தை துண்டால் பிள்ளை முகத்தை மூடிவிடுவார்கள். நான் எடுத்துவிடுவேன். மறுபடி மூடுவார்கள். பேச்சே இல்லாமல் இது நடக்கும்.

பள்ளிக்கு அதற்குள் மனு போயிருந்தது. ஐந்து அப்பாமார் கையெழுத்துப் போட்டது. அதில் இப்படி இருந்தது: கிரகண நேரத்தில் வயதுக்கு வந்த பெண்களை வெட்டவெளியில் நிறுத்தி, சாப்பிடவும் வைத்த டீச்சருக்கு ஆண்டவனே பாடம் சொல்லிவிட்டான். எங்கள் பிள்ளைகளுக்கு நாளைக்கு ஒன்று ஆனால் யார் பொறுப்பு? சுவரில் உள்ள படங்களை எடுத்துவிட்டு, புத்தகத்தில் இருப்பதை மட்டும் நடத்தச் சொல்லவேண்டும். விடுப்பு முடிந்து நான் வேலைக்குப் போன அன்றே தலைமையாசிரியை அதைக் காட்டினார்.

"கூட்டம் போட்டிருக்கேன். நீங்க வந்து ரெண்டு வார்த்த வருத்தம் தெரிவிச்சிருங்க டீச்சர். படத்த நான் எடுக்கச் சொல்லிருதேன். முடிஞ்சிரும்."

"வருத்தம் எதுக்கு?"

"ஒங்களுக்கே கஷ்டம் வந்திருக்கு. இதுல வேற எதுக்கு இழுத்துக்கிட்டு?"

"கூட்டத்துக்கு வாரேன்," என்றேன். வேறு ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை.

கூட்டத்தன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அத்தை வாசலில் வழிமறித்தார்கள். "ஊரு சிரிக்கதுக்கா கொண்டு போற? மொகத்தையாவது மூடு மூதி."

"பாக்கணும்னுதான அத்த கொண்டு போறேன்."

பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தன் மகளின் முகத்தை வேறுபக்கம் திருப்பினாள். அந்த இருபது நிமிஷமும் நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்தேன். முதலில் கண்ணைத் தாழ்த்தியவர்கள் அவர்கள்தான்.

பத்தாம் வகுப்பு 'பி' அறையில்தான் கூட்டம். மனுவுக்கு முதல் கையெழுத்துப் போட்டவர் பலசரக்குக் கடை அண்ணாச்சி. கெட்ட மனிதர் இல்லை. அவர் மகள்தான் பாவாடையில் அதிகமாகப் பிறை பிடித்தவள். எழுந்து, "டீச்சர் மேல எங்களுக்கு ஒரு கோவமும் கெடையாது," என்று ஆரம்பித்தார். "ஒங்களப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. ஆனா ஆகாசத்துல போனவ கதையெல்லாம் நம்ம புள்ளைகளுக்கு எதுக்கு? அதுகளும் நாளைக்கு ஒரு வீட்டுக்கு வாழப்போணும், பிள்ளை பெறணும். ஒங்களுக்கு ஆனது அதுகளுக்கு ஆவக்கூடாதுல்லா?"

நான் மகளை ஒரு கையில் ஏந்திக்கொண்டே சாக்பீஸை எடுத்தேன். கரும்பலகையில் ஒரு முகத்தை வரைந்தேன். கண் இல்லை, மூக்கு இல்லை. ஆறு வாரத்து முகம். இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவிலிருந்தும் சதை வளர்ந்து வந்து சேரவேண்டிய கோடுகளைப் போட்டேன். இது சித்திரையில் நடப்பது என்று சொன்னேன். இன்னொரு பக்கம் ஐப்பசி என்று எழுதி, நடுவில் ஆறு மாதத்துக்கு ஆறு கோடு கிழித்தேன். பிள்ளையைத் திருப்பி எல்லோருக்கும் முகத்தைக் காட்டினேன்.

"நல்லாப் பாருங்க. இது எனக்குக் கிடைச்ச தண்டனை கெடையாது. எம் மக. இவளுக்கு ஒரு தையல் போடணும், போடப்போறோம். நான் செஞ்சது தப்புன்னு யாராவது சொல்லணும்னா, இந்த ஆறு கோட்டையும் அழிச்சிட்டுச் சொல்லுங்க."

யாரும் ஒத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தார். அப்போது பின்பக்கம், படங்கள் ஒட்டிய சுவரோரம் நின்றிருந்த ஒரு பெண், "நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

கறுத்து ஒல்லியாக இருந்தாள். முந்தானையால் தோளை மூடியிருந்தாள். அந்த உயரமான பெண்ணின் அம்மா என்று தலைமையாசிரியை என் காதில் சொன்னார். அவளும் புகார் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒரு பய இருக்கான். மூணு வயசு. இங்கன யாரும் பாத்திருக்க மாட்டீய. நாங்க வெளிய கொண்டு வாரதில்ல." முந்தானையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள். "டீச்சர் புள்ளைக்கு இருக்க மாதிரியேதான் அவனுக்கும். அவன் வயித்துல இருக்கும்போது விடியக்காலம் சந்திர கிரகணம் வந்துது. எங்க மாமியா சொன்னதெல்லாம் கேட்டேன். கதவச் சாத்திட்டு உள்ள கிடந்தேன். தண்ணி குடிக்கல. பெரண்டுகூடப் படுக்கல. ஒண்ணுக்கு முட்டிட்டு வந்துது, அதுக்கும் எந்திரிக்கல. அப்படி இருந்தும் பய இப்படித்தான் பொறந்தான்."

அண்ணாச்சி, "அப்பம் வேற ஏதாவது…" என்று இழுத்தார்.

"அதத்தான் எங்க வீட்லயும் சொன்னாவ அண்ணாச்சி. கூரையில ஒரு ஓடு ஒடஞ்சி இருந்திச்சி. அந்த ஓட்டை வழியா வெளிச்சம் பட்டிருக்கும், நீ ஏன் பாக்கலன்னு கேட்டாவ. மூணு வருசமா அந்த ஓட்டுக்கு நான் பதில் சொல்லிட்டு இருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெளிய போனாலும் பெத்தவதான் காரணம். உள்ள கிடந்தாலும் அவதான் காரணம். பொறவு என்னத்துக்கு உள்ள கிடக்கணும்?"

கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் எழுந்து வெளியே போனார். கூட்டம் எப்படி முடிந்தது என்று ஒழுங்காகச் சொல்லக்கூட முடியாது. பேச்சு அங்கங்கே பிரிந்து, எல்லோரும் கலைந்தார்கள். மனுவை யாரும் திருப்பி வாங்கவில்லை. தலைமையாசிரியை அதை ஒரு கோப்பில் வைத்து அலமாரியில் பூட்டினார். "படம் இருக்கட்டும் டீச்சர். சுவரு ஓட்டையா இருக்குல்லா," என்று மட்டும் சொன்னார்.

அந்த உயரமான பெண் வராந்தாவில் நின்றிருந்தாள். அன்று வகுப்பில் ஏன் அவள் எழுந்து நின்று கேட்டாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தன் தம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். தன் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்.

அந்தக் கோடை விடுமுறையில் மகளை ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கூட்டிப்போக ஏற்பாடு. அந்த அம்மாளிடம், நீயும் பையனைக் கொண்டு வா, மூணு வயசிலும் தைக்கலாமாம், டாக்டரிடம் கேட்டுவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். கணவன் விடமாட்டான் என்று பதில் வந்தது. ஆனால் கிளம்பும் நாள் காலையில் திருநெல்வேலி பஸ் நிலையத்தில் நிற்கிறாள், இடுப்பில் பையனோடு, பக்கத்தில் மகள், கையில் ஒரு மஞ்சள் பை.

"வீட்ல என்ன சொன்ன?" என்றேன்.

"திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன் டீச்சர். முருகன் கோவிச்சிக்க மாட்டான். திரும்பி வந்து போட்டுக்கிடலாம்."

என் கணவர்கூடச் சிரித்துவிட்டார்.

ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டில். முதலில் மகளுக்கு, மறுநாள் பையனுக்கு. தியேட்டர் கதவு மூடியதும் அதுவரை இருந்த என் வீராப்பு எல்லாம் போய்விட்டது. அந்த அம்மாள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவள் புருஷன் வந்து சேர்ந்தார். திருச்செந்தூரில் போய்த் தேடி, காணாமல் எங்கள் வீட்டில் வந்து கேட்டிருக்கிறார். சண்டை போடத்தான் வந்தார். வேகமாக வார்டுக்குள் நுழைந்தவர், பையன் கட்டிலண்டை வந்து நின்றார். வீங்கிப்போன உதடு, கறுப்பு நூல் தையல். ஆனாலும் மூடியிருந்தது. மூன்று வருஷம் திறந்தே கிடந்தது, மூடியிருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு, "சாப்ட்டியா?" என்று மனைவியைக் கேட்டார்.

அந்தப் பெண் பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தாள். மேலே படிக்கவைக்க அப்பாவுக்கு மனமில்லை. தாய்மாமன் மகன் ஒருவன் காத்திருந்தான். அம்மா ஒரே பேச்சில் முடித்தாள் என்று கேள்விப்பட்டேன்: "பயல கூட்டிட்டுப் போன மாதிரி இவளையும் கூட்டிட்டுப் போயிருவேன். இந்தத் தடவ எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன்." பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவில் சேர்ந்தாள். காலையில் அம்பாசமுத்திரத்துக்குப் படிக்கப் போகும்போது எதிர் பஸ்ஸில் சில நாள் பார்ப்பேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டுவாள்.

அத்தை கடைசிவரை மாறவில்லை. கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் பேத்திக்கு இப்படி ஆனது என்பதை வீட்டுக்குள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். நானும் ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். ஒருவர் மனதை ஒருவர் மாற்றினோம் என்று எழுதினால் அது பொய்.

ஆனால் மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒருநாள் சாயங்காலம், பள்ளியிலிருந்து வந்து தெருமுனையில் திரும்பினேன். தெருக்குழாயடியில் அத்தை பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். துண்டு எதுவும் இல்லை. அடுத்த வீட்டுக்கு விருந்து வந்திருந்த ஒரு பெண், பிள்ளையின் தழும்பை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன் அத்த, இதோட அம்மா கிரகணத்துல வெளிய போனவளாம்லா? படிச்ச திமிரு, வேறென்ன?" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். அத்தை குடத்தைக் கீழே வைத்தார்கள்.

"ஆமா, போனா. ஒனக்கென்ன?" என்றார்கள். "எங்க வீட்டுப் பின்வாசலத் தொறந்து போனா. ஒங்க வீட்டு வழியாவா போனா? எம் மருமவள நான் வைவேன். நீ யாரு?"

பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு, பேத்தியை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டு, என்னைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளாமல் நடந்தார்கள். நான் பின்னாலேயே போனேன்.